காலை முழுசா அமுக்கு

என் வீட்டுக்காரர் சேனாபதிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒரே ஒரு வாக்கியம்தான் தெரியும். "காலை முழுசா அமுக்கு." பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில் எங்கள் அபார்ட்மென்ட்டைச் சுற்றியுள்ள அத்தனை தெருக்களிலும் அதைச் சொல்லி முடித்துவிட்டார். நான் கிளட்சை அமுக்குவேன். முதல் கியர் போடுவேன். கியர்பாக்ஸ் கர்ரென்று கத்தும். அவர் தன் வயிற்றிலேயே யாரோ குத்தியதுபோல் முகத்தைச் சுளிப்பார்.

"முழுசாத்தானுங்க அமுக்கறேன்" என்பேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பார்.

எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் வரும், போவதற்குத்தான் நேரமாகும். அந்தப் பழமொழியைக் கேட்ட நாட்களில் ரசத்தில் உப்பு ஒரு கை கூடத்தான் விழுந்தது. அதையும் மனுஷன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிடுவார். அது இன்னும் எரிச்சல்.

இது தொண்ணூற்றேழாம் வருடக் கதை. வண்டி எட்டு வருடப் பழைய கொரோலா, கையால் கியர் மாற்றுகிற வண்டி. ஆகஸ்டில் நான் ஓட்டப் பழக ஆரம்பித்தேன். செப்டம்பர் முழுக்க நன்றாகத்தான் ஓட்டினேன், சேனாபதியே ஒருமுறை "பரவால்ல" என்றார். அவர் வாயில் அது பெரிய பட்டம். அக்டோபரில்தான் திடீரென்று கியர் கத்த ஆரம்பித்தது. நான் ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் கத்தியது. அவர் ஓட்டினால் எப்போதாவது லேசாக முனகும், அவ்வளவுதான். ஆகவே தீர்ப்பு சுலபமாக எழுதப்பட்டது. நான் பாதிக் காலை கிளட்ச் மேலேயே வைத்து ஓட்டியிருக்கிறேன், கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது, குற்றவாளி நாகமணியின் இடது கால்.

எனக்கு லைசென்ஸ் வேண்டும். சும்மா ஆசைக்கு இல்லை. என் விசாவில் வேலைக்குப் போக இடமில்லை, படிக்க இடமுண்டு. ஊரிலேயே இருக்கிற யூனிவர்சிட்டியில் ஜனவரியில் சேர இடமும் கிடைத்துவிட்டது. வகுப்புகள் சாயங்காலம். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது, சேனாபதி ஆபீஸை விட்டு வர ஏழரை ஆகும். வகுப்பு நாட்களில் அவர் ஆபீஸ் நண்பர் காரில் போய்க்கொள்வார், வண்டி எனக்கு என்று ஏற்பாடு. டிசம்பர் இரண்டு, செவ்வாய்க்கிழமை, டிரைவிங் டெஸ்ட். டெஸ்டுக்கு நம் வண்டியைத்தான் கொண்டுபோக வேண்டும். வண்டி சரியாக இல்லாவிட்டால் டெஸ்ட் இல்லை, டெஸ்ட் இல்லாவிட்டால் வகுப்பு இல்லை. இன்னும் ஆறு மாதம் ஜன்னல் வழியாக மற்றவர்கள் கார் எடுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"மெக்கானிக் கடையில விட்டுருலாமுங்க" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சேனாபதி கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்தவர். படித்து என்ன, இங்கே வந்து டெலிகாம் கம்பெனியில் இரண்டாயிரமாவது வருடம் வந்தால் கம்ப்யூட்டர் தடுமாறக்கூடாது என்று தேதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஐந்து வருடமாக ஒரு ஸ்பேனரைத் தொடவில்லை. அவருக்குள்ளே இருந்த இன்ஜினியர் எப்போதடா கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு கிளட்ச் மாத்தறதுக்கு மெக்கானிக்கா? நான் மெக்கானிக்கல், நாகு" என்றார்.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை லீவு நான்கு நாள். அபார்ட்மென்ட் ஆபீஸும் பூட்டியிருக்கும், பார்க்கிங்கில் வண்டியைப் பிரிக்கக்கூடாது என்று சொல்ல ஆள் இருக்காது. லைப்ரரியிலிருந்து ரிப்பேர் புத்தகம் வந்தது. ஆபீஸ் நண்பர் பத்மநாபனிடமிருந்து ஜாக்கி வந்தது. வியாழக்கிழமை காலை, ஊரெல்லாம் வான்கோழி வேகிற நேரத்தில், சேனாபதி டிவி வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு அதில் படுத்து வண்டிக்கடியில் போய்விட்டார். இரண்டு நாள் நான் அவரைக் கணுக்காலாகத்தான் பார்த்தேன்.

இதில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மனுஷன் சந்தோஷமாக இருந்தார். கியர்பாக்ஸ் இறங்கி அட்டைமேல் உட்கார்ந்ததும் குழந்தை பிறந்ததுபோல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மூக்கில் கிரீஸ். அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பழைய தட்டு எங்கீங்க, பாக்கலாம்" என்றேன். "அதையெதுக்கு நீ பாத்துட்டு? தேஞ்சு போச்சு, தூக்கிப் போட்டாச்சு" என்றார். என் கால் செய்த பாவம்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் ஏற்றி முடித்தார். நானும் சும்மா இருக்கவில்லை. உள்ளே துடைத்தேன், விரிப்புகளைத் துவைத்துக் காயவைத்துத் திரும்பப் போட்டேன், ஸ்டியரிங்கில் இருந்த கிரீஸ் கைத்தடத்தை அழித்தேன். சேனாபதி ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். கிளட்சை அமுக்கினார். முதல் கியர் போட்டார்.

கர்ர்ர்ர்.

மறுபடி போட்டார். போகவே இல்லை. ரிவர்ஸ் போட்டுப் பார்த்தார். மாடி ஜன்னலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் வந்தது. முன்பு என்னிடம் மட்டும் கத்திய வண்டி இப்போது அவரிடமும், இரண்டு மடங்காக, கத்தியது. எனக்கு உள்ளே ஒரு மூலையில் திருப்தியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்ததும் அது போய்விட்டது.

சனிக்கிழமை காலை பத்மநாபன் வந்தார். மயிலாப்பூர்க்காரர். எதையும் கையால் செய்து பார்த்ததில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் காரணம் தெரியும். மனைவி ருக்மிணி கொடுத்தனுப்பிய புளியோதரை டப்பாவை என்னிடம் நீட்டிவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"இன்ஜின் ஆஃப்ல இருந்தா கியர் விழறதா?"

"எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழுது சார்" என்றார் சேனாபதி.

"ஸ்டார்ட் பண்ணினா?"

"ஒண்ணும் விழ மாட்டேங்குது."

"அப்போ கியர்பாக்ஸ்ல கோளாறு இல்லை. கிளட்சு முழுசா விடமாட்டேங்கறது. நீங்க அமுக்கினாலும் உள்ள இன்ஜினும் கியரும் கையைப் பிடிச்சுண்டே நிக்கறது. ஏன்? ஏர், சார்! பெடல்லேர்ந்து போற ஆயில் பைப்புல ஏர் பூந்துடுத்து. நீங்கதானே அதைக் கழட்டினேள்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பானெட்டைத் திறந்து இருவரும் தலையை உள்ளே விட்டார்கள். நான் டிரைவர் சீட்டில். பத்மநாபன் "அமுக்குங்கோ" என்பார், நான் அமுக்குவேன். சேனாபதி குழாயின் திருகைத் தளர்த்துவார், ஆயில் பீச்சும். "விடுங்கோ" என்பார், விடுவேன். இப்படி ஒரு மணி நேரம். என் இடது கால் தொடை வீங்கிப்போனது. கடைசியில் ஒரு குமிழி கூட இல்லாமல் ஆயில் தெளிவாக வந்தது. பத்மநாபன் எழுந்து நின்று, "இப்போ பாருங்கோ" என்றார்.

கர்ர்ர்ர்.

"ஆயில் தள்ளற பிஸ்டன் புத்தகத்துல போட்டிருக்கற அளவு நகரலை" என்றார் பத்மநாபன், பானெட்டுக்குள்ளிருந்து. "நாகமணி, காலை முழுசா அமுக்கறேளா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ருக்மிணியோடு எனக்கு இருந்த சிநேகிதம் அன்றோடு முடிந்திருக்கும்.

புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே அடுத்த காரணத்தைச் சொன்னார். "சார், தப்பா எடுத்துக்காதீங்கோ. கிளட்ச் தட்டை முன்பின்னாத் திருப்பிப் போட்டுட்டேளோ?"

சேனாபதியின் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. பத்மநாபன் போனபிறகு அவர் வெகுநேரம் புத்தகத்தின் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு மறுபடி இறக்கோணும்" என்றார். "டெஸ்ட்டைத் தள்ளிப் போட்டுக்கலாம் புள்ள. அடுத்த செமஸ்டர் பாத்துக்கலாம்."

அதைக் கேட்டபோது அழுகைதான் வந்தது. அவரைத் திட்டக்கூட மனம் வரவில்லை. இரண்டு நாளாகச் சிமென்ட்டில் படுத்த முதுகு, எனக்காகத்தானே.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எழுவதற்கு முன்பே எழுந்துவிட்டேன். காபியைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு முன்பு பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் செக்ஷனில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். அங்கே ஒரு முறை உண்டு. பம்ப் ஓடவில்லை என்று திரும்பி வந்தால் யாரும் ஸ்பேனரை எடுக்கக்கூடாது. முதலில் ஒரு தாளில் எழுத வேண்டும். கோளாறு எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன்பு என்னென்ன மாறியது. பம்ப்பில் கோளாறே இருக்காது, தோட்டத்துக்காரர் கிணற்றில் தண்ணீர் உறிஞ்சுகிற ஃபுட் வால்வில் சாக்கைக் கட்டியிருப்பார். அப்படி எத்தனை பார்த்திருக்கிறேன்!

காலண்டர் தாளின் பின்பக்கம் மேலே அந்த இரண்டு கேள்விகளையும், கீழே மாறியவற்றையும் எழுதினேன். கிளட்ச் மாற்றியது. ஆயில் பைப்பைக் கழற்றியது. கியர் ஆயில் மாற்றியது. எல்லாம் அவர் செய்தவை. எழுதி முடித்துப் பார்த்தால் தாள் அவர்மேல் போட்ட குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது. பிறகுதான் மேலே எழுதியிருந்த முதல் கேள்வியைப் படித்தேன். கோளாறு எப்போது ஆரம்பித்தது?

வெள்ளிக்கிழமை இல்லையே. அக்டோபரில் அல்லவா! கிளட்ச் மாற்றுவதற்கு முன்பும் அதே சத்தம், மாற்றிய பிறகும் அதே சத்தம். தலைவலி என்று பல்லைப் பிடுங்கி, பிறகும் அதே தலைவலி என்றால் பல்லில் என்ன குற்றம்? அக்டோபரில் என்ன மாறியது? அக்டோபரில் சேனாபதி வண்டியில் எதையும் கழற்றவே இல்லை. ஆயுத பூஜைக்கு நான்தான் கழுவினேன். சந்தனம், குங்குமம் வைத்தேன், எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி எடுத்தோம். அப்புறம்...

காபியை வைத்துவிட்டு அவருடைய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கீழே ஓடினேன்.

பூஜை போட்ட வண்டியில் நான் செருப்போடு ஏறுவதில்லை. கழற்றிப் பின்சீட்டுக்கடியில் வைத்துவிட்டு வெறுங்காலில்தான் ஓட்டுவேன். ஆனால் சேனாபதி ஆபீஸ் ஷூவோடு ஏறுவார். வண்டியின் கார்ப்பெட்டில் கறை படியக்கூடாது என்று ஆயுத பூஜையன்று ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமக்காளத்தை எடுத்து, இரண்டாக மடித்து, டிரைவர் காலடியில் விரித்து, பார்க்க அசிங்கமாக இருக்கக்கூடாது என்று அதன்மேல் ரப்பர் மேட்டைப் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அவர் ஷூவெல்லாம் கிரீஸாக இருந்ததைப் பார்த்து, இரண்டு மடிப்பு போதாது என்று, துவைத்த ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டேன். அது எனக்கு ஒரு மாற்றமாகவே தோன்றவில்லை. அது சுத்தம். சுத்தத்தை யார் தாளில் எழுதுவார்கள்?

கதவைத் திறந்து மண்டியிட்டு, கிளட்ச் பெடலைக் கையால் அமுக்கினேன். கடைசியில் இரும்பு தரையில் இடிக்கிற சத்தம் வரவில்லை. மெத்தையில் இடித்ததுபோல் மெதுவாக நின்றது. ரப்பர் மேட்டைத் தூக்கி, ஜமக்காளத்தை உருவி எடுத்தேன். மறுபடி அமுக்கினேன். பெடல் இன்னும் ஒன்றரை விரற்கடை கீழே போனது.

ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். கிளட்ச். முதல் கியர். சத்தமே இல்லாமல் விழுந்தது. ரிவர்ஸ், விழுந்தது. மறுபடி முதல் கியர். அந்தக் காலி பார்க்கிங்கில் தனியாக உட்கார்ந்து நான் போட்ட கூச்சலுக்கு மாடிக் கிழவர் மறுபடி எட்டிப் பார்த்தார். அவருக்குக் கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார்.

அதற்குப் பிறகுதான் மடியில் கிடந்த ஜமக்காளத்தைப் பார்த்தேன். கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்திருக்கிறது. கோணலாக்கியது நான்.

அவர் ஏன் தப்பித்தார் என்பதும் புரிந்தது. எண்பது கிலோ மனுஷன், ஷூ காலால் மிதித்தால் இரண்டு மடிப்பு ஜமக்காளம் நசுங்கிவிடும். என் வெறுங்காலுக்கு நசுங்கவில்லை. நான்காக மடித்தபிறகு அவருக்கும் நசுங்கவில்லை.

ஒரு ஐந்து நிமிடம் நான் நல்லவளாக இல்லை. ஜமக்காளத்தை அலமாரியில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பத்து மணிக்கு வந்து பார்ப்பார், கியர் விழும், ஆயில் ராத்திரியில் அமர்ந்துவிட்டது என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடிப்பார். செவ்வாய்க்கிழமை டெஸ்ட், ஜனவரியில் வகுப்பு. இரண்டு நாள் மனுஷனை வீணாகச் சிமென்ட்டில் படுக்க வைத்தேன் என்ற பழியும் வராது. ஆனால் அப்படிச் செய்தால் பழைய கிளட்சைத் தேய்த்தது என் கால்தான் என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். ஆயுசுக்கும் நிற்கும். என் கால் குற்றமற்றது என்று நிரூபிக்க வேண்டுமானால், என் கை செய்ததை ஒத்துக்கொண்டாக வேண்டும். எனக்குக் கால்தான் முக்கியமாகப் பட்டது.

மேலே போனேன். சேனாபதி எழுந்து, ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார், தூக்குக்குப் போகிறவர் முகம். ஜமக்காளத்தை அவர் முன்னால் போட்டேன்.

"ஏனுங்க, கிளட்ச் சரியாயிருச்சு. இதுதான் பெடலுக்கடியில இருந்துச்சு. நான்தான் போட்டேன். ஆயுத பூஜையிலிருந்து இருக்குது. இப்ப எடுத்துட்டேன், எல்லா கியரும் விழுது."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் ஜமக்காளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து அதன் கனத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தார். திட்டுவார் என்று தயாராக நின்றேன், பதிலும் இரண்டு வைத்திருந்தேன். அவர் நேராகச் சமையலறைக்குப் போனார். அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு மளிகைக் கடைப் பிளாஸ்டிக் பை ஒன்றை இழுத்தார். உள்ளே செய்தித்தாளில் சுற்றியிருந்தது பழைய கிளட்ச் தட்டு.

"இதைப் பாரு" என்றார்.

எனக்குக் கிளட்ச் தெரியாது. ஆனால் புதியது வந்த டப்பாவில் இருந்ததைப் பார்த்திருந்தேன். இதுவும் கிட்டத்தட்ட அதே கனத்தில் இருந்தது.

"வியாழக்கிழமை கழட்டினப்பவே தெரிஞ்சுது. தேயவே இல்ல. இன்னும் அஞ்சு வருஷம் வந்திருக்கும்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "கழட்டிட்டமே, புதுசையே போட்டுருலாம்னு போட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் கிளட்சை மறைத்தவரை அன்றுதான் பார்த்தேன். கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"மூணு நாளா என் காலை நானே திட்டிட்டு இருந்தேனுங்க! நேத்து பத்மநாபன்கூட முழுசா அமுக்கறீங்களான்னு கேட்டாரு. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"தப்புதான் புள்ள."

"உங்க கூடமும் கோணல்தான்."

"கோணல்தான்" என்றார். அவர் மூக்கில் இன்னும் ஒரு பொட்டு கிரீஸ் இருந்தது. இரண்டு நாளாகக் குளித்தும் போகவில்லை. அதைப் பார்த்தேனோ இல்லையோ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஜமக்காளத்தின்மேல் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அன்று முழுக்க நான் ஓட்டினேன். லீவுக்குப் பூட்டிய ஆபீஸ் ஒன்றின் காலி பார்க்கிங்கில் முன்னால், பின்னால், வளைத்து, மறுபடி பின்னால். சேனாபதி பக்கத்தில் உட்கார்ந்து புளியோதரை மீதியைச் சாப்பிட்டார். டேஷ்போர்டைப் பிடிக்கவே இல்லை. வழியில் பத்மநாபன் வீட்டில் ஜாக்கியைத் திருப்பிக் கொடுத்தோம். கியர் விழுகிறது என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொன்னேனோன்னோ, ஏர்தான்! ராத்திரி முழுக்க மேல வந்துடுத்து" என்றார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தலையாட்டினோம். இன்றுவரை அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார், நினைக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை டெஸ்ட் எடுத்த அம்மாள் வண்டியில் ஏறியதும் கியர் கம்பியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "ஸ்டிக் ஷிஃப்டா? தைரியம்தான்" என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு என் வெறுங்காலைப் பார்த்து இன்னும் கொஞ்சம் உயர்த்தினார், ஆனால் ஒன்றும் எழுதவில்லை. பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்னபோது ரிவர்ஸ் போட்டேன். பஞ்சில் ஊசி இறங்குவதுபோல் இறங்கியது. இருபது நிமிடத்தில் பாஸ்.

திரும்பி வரும்போதும் நான்தான் ஓட்டினேன். சட்டைப்பையில் வைத்த தாற்காலிக லைசென்ஸ் தாளை சேனாபதி இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார், தன்னுடையதுபோல். ஒரு சிவப்பு சிக்னலில் நின்றோம். என் கை கியருக்குப் போனது. பழக்கதோஷம், அவர் "காலை..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க" என்றேன், அவர் பக்கம் திரும்பி.

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். வெறும் கார்ப்பெட்டின்மேல் பெடலைக் கடைசி வரை அமுக்கிக்கொண்டு அது பாட்டுக்கு இருந்தது.

"ஒண்ணுமில்ல. பச்சை விழுந்துருச்சு, போ" என்றார்.